பணியாளர் ‘பி’ எங்கே போனார்?

அடுத்த மாதத்திலிருந்து உங்களில் நான்கு பேர் சனிக்கிழமை வகுப்புக்குப் போகப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோசம். ஆளைக் குழுத் தலைவராக்கிப்போட்டு, அதற்குப் பிறகு நிர்வாகம் படிக்க அனுப்புவது எங்கள் சலவைத் தொழிற்சாலையின் பழைய வழக்கம். ஏரிக்குள் தள்ளிவிட்டுக் கரையில் நின்று நீச்சல் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. நானும் அப்படித்தான் படித்தேன். வேலையில் இருந்து ஓய்வு எடுத்த பிறகு எனக்கு நேரம் தாராளமாகக் கிடக்கிறது. அதனால் அந்த வகுப்பில் எனக்கு நடந்த ஒன்றை எழுதித் தருகிறேன். மெஷினைப் பற்றியோ சலவைத் தூளின் அளவைப் பற்றியோ ஒன்றும் சொல்ல மாட்டேன். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வகுப்பு சென்காலன் நகரத்தில். காலையில் எங்கள் வில் நகரத்து ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். நான் சேர்ந்த வருடம் பன்னிரண்டு பேர் இருந்தோம். பஸ் டிப்போவில் இருந்து ஒருவர், சீஸ் தொழிற்சாலையில் இருந்து ஒருவர், முதியோர் இல்லத்துச் சமையலறையை நடத்துகிற ஒரு பெண், இப்படிப் பல தொழில்காரர். படிப்பிக்கிற ரீச்சர் முன்பு ஒரு திருகாணித் தொழிற்சாலையை நடத்தியவ. பாடப்புத்தகம் என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு கிழமையும் ஏதோ ஒரு நிறுவனத்தில் உண்மையாக நடந்த சிக்கலை, பேர்களை எடுத்துவிட்டு, நாலு பக்கத்தில் எழுதித் தருவா. அதைத்தான் கேஸ் என்றார்கள். வாசித்து, வாதாடி, ‘நானென்றால் என்ன செய்வேன்’ என்று முடிவு சொல்ல வேண்டும்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனுசன் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“கேஸ் படிக்கப் போறியோ? ஆரின்ரை கேஸ்? எங்கடை முடிஞ்சு எத்தினை வருசமாச்சு!”

ஊரை விட்டு வந்த எங்கள் ஆட்களுக்குக் கேஸ் என்றால் அகதிக் கேஸ் ஒன்றுதான். அவருக்கு விளங்கப்படுத்தி முடிக்க எனக்கு ஒரு பின்னேரம் போனது.

முதல் கிழமை நான் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பேக்கரி மூன்று கடையாகப் பெருகி, பிறகு தள்ளாடுகிற கதை. வாசித்து முடித்த உடனே கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். வெள்ளைத் தாள். அடுத்தவரின் தாளையும் எட்டிப் பார்த்தேன். அதுவும் வெள்ளை. ஊரில் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும் அல்லவா, அந்தப் பழக்கம். ரீச்சர் கண்டுவிட்டா.

“ஃப்ராவ் நாடா, என்ன தேடுறீங்கள்?”

ஃப்ராவ் என்றால் திருமதி. என் முழுப் பேர் நடராஜா. சுவிஸ்காரர் பாதியில் களைத்துவிடுவார்கள்.

“விடையை” என்றேன்.

வகுப்பே சிரித்தது. அவ சிரிக்கவில்லை. “நானும் முப்பது வருசமாய்த் தேடுறன். கண்டால் எனக்கும் சொல்லுங்கோ” என்றா. எனக்கு அவவை அன்றே பிடித்துப்போனது.

நாலாவது சனிக்கிழமை தந்த கேஸுக்குத் தலைப்பு ‘ஒரு சலவைத் தொழிற்சாலையில் மாற்றமும் எதிர்ப்பும்’. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “இண்டைக்கு உங்கடை நாள்” என்று பஸ் டிப்போக்காரர் தோளில் தட்டினார். நானும் பெருமையோடுதான் வாசிக்கத் தொடங்கினேன்.

ஒரு சலவைத் தொழிற்சாலை. ஈரமான விரிப்புகளை ஒரு பக்கத்தால் கொடுக்க, மெஷின் தேய்த்து மடித்து மற்றப் பக்கத்தால் தள்ளும். கொடுக்கிற பக்கம் சரியான வெக்கை. வாங்கி அடுக்குகிற பக்கம் குளிர்ச்சி. முன்பெல்லாம் பணியாளர்கள் மணிக்கு ஒருமுறை இடம் மாறி நிற்பார்கள். புதிதாக வந்த மேலாளர் அதை நிறுத்தி, ஆளுக்கு ஒரு இடம், நாள் முழுக்க அந்த இடம்தான் என்று ஆக்குகிறார். ஒரே வேலையைச் செய்தால் கை பழகி வேகம் கூடும் என்பது அவருடைய எண்ணம். முதலாம் மெஷின் வரிசையில் வேகம் கூடுகிறது. இரண்டாம் வரிசையில் கூடவில்லை. காரணம், பணியாளர் ‘பி’.

மூன்றாவது பந்தியில் எழுதியிருந்தது: ‘பி, நீண்ட அனுபவமுள்ள வெளிநாட்டுப் பெண். மொழியறிவு குறைவு. மாற்றத்தை ஏற்கவில்லை. அடுக்குகிற இடத்தில் வேறொருவரை நிறுத்திவிட்டு, ஒரு நாளில் பல தடவை அனுமதியின்றித் தன் இடத்தை விட்டுப் போய்விடுவார். ஏன் என்று மூன்று முறை கேட்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சிரித்தபடி, ஆமாம் என்பதுபோல் யா, யா என்றார். பழக்கம் மாறவில்லை. மேலாளர் என்ன செய்ய வேண்டும்?’

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மேலாளரின் கண்ணாடி அறையில் இருந்து பார்த்தால் அடுக்குகிற பக்கம் மட்டும்தான் தெரியும், கொடுக்கிற பக்கத்தை மெஷின் மறைக்கும் என்று வேறு எழுதியிருந்தது. அந்தக் கண்ணாடி அறை எனக்குத் தெரியும். அந்த மெஷினும் தெரியும். அந்த யா, யாவும் தெரியும்.

பணியாளர் பி நான்தான்.

எங்கள் தொழிற்சாலையில் அப்போது மேலாளராக இருந்தவர் இதே வகுப்பில் படித்திருக்கிறார். படிக்கிற எல்லோரும் முடிவில் தங்கள் வேலையிடத்தில் இருந்து ஒரு கேஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் என்னை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எங்களை நாலு பேராகப் பிரித்து மூன்று குழுவாக்கினார்கள். என் குழு பத்து நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிட்டது.

“முதல்ல எழுத்திலை ஒரு எச்சரிக்கை. பிறகும் திருந்தாட்டில் அனுப்பவேணும்” என்றார் சீஸ்காரர்.

“தன்ரை வேலையை மற்ற ஆளின்ரை தலையிலை போட்டிட்டுப் போறா. அதுதான் எனக்குப் பொறுக்கேலாது” என்றா முதியோர் இல்லத்துப் பெண்.

பஸ் டிப்போக்காரர் என்னைப் பார்த்தார். “ஃப்ராவ் நாடாதான் எங்கடை முடிவைச் சொல்லவேணும். சலவை அவவுக்குத்தான் தெரியும்.”

மற்ற இருவரும் மேசையில் தட்டி ஆமோதித்தார்கள். என்னை நானே வேலையால் நிறுத்த வேண்டும், அதுவும் பன்னிரண்டு பேர் முன்னால், ஜெர்மன் மொழியில்!

ஐந்து நிமிட இடைவேளை கிடைத்தது. தாளை எடுத்துக்கொண்டு வெளி விறாந்தையில் போய் நின்றேன். முதல் வந்தது கோபம். எழும்பி நின்று ‘இது பொய்’ என்று கத்தினால் என்ன என்று நினைத்தேன். அடுத்து வந்தது பயம். இப்போதுதான் என்னை நம்பிக் குழுத் தலைவியாக்கியிருக்கிறார்கள். இந்தக் கதை வில் வரைக்கும் போய்ச் சேர்ந்தால்? தலையிடி என்று சொல்லி ரயில் ஏறிவிடலாம் என்றும் யோசித்தேன்.

அப்படி நின்றபடியே தாளை இரண்டாம் முறை வாசித்தேன். அப்போதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. ‘மேலாளர் பி-யைத் தன் அறைக்கு அழைத்து, கோப்பி கொடுத்து, அமைதியாகக் கேட்டார்.’

அந்தக் கோப்பி எனக்கு நினைவிருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. இங்கே வேலையால் நிறுத்துவதற்கு முன்பு கோப்பி தருவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இது அந்தக் கோப்பிதான் என்று நினைத்து, சிரித்து, யா, யா என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். அவர் என்னை வெருட்டினார் என்றுதான் அத்தனை வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லித் திரிந்தேன். அந்த மனுசன் உண்மையில் மூன்று முறை கேட்டிருக்கிறார். நான் மூன்று முறையும் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளைகளே, கேஸ் படிப்பதில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான். என் கதையை எதிர்ப்பக்கத்துக் கதிரையில் இருந்து வாசித்தேன்.

எங்கள் குழுவின் முறை வந்தது. எழும்பி நின்றேன்.

“எங்கடை குழுவின்ரை முடிவு, எச்சரிக்கைக் கடிதம். அதைச் சொல்லியாச்சு. ஆனால் எனக்குச் சொந்தமாய் ஒரு கேள்வி இருக்கு. தாளிலை ஒரு விசயம் இல்லை” என்றேன்.

“என்ன இல்லை?” என்று ரீச்சர் கேட்டா.

“பி எங்கை போனவ எண்டு இல்லை.”

யாரோ பின்னால் “சிகரெட் குடிக்க” என்றார். சிரிப்பு எழுந்தது. அது அடங்கும் வரைக்கும் காத்திருந்தேன்.

“ரெண்டாம் வரிசையிலை வேகம் கூடேல்லை எண்டு எழுதியிருக்கு. ஆனால் வரிசை நிண்டதெண்டு எங்கையும் எழுதேல்லை. ஒரு ஆள் உண்மையிலை ஓடிப்போயிருந்தால் மெஷின் நிண்டிருக்கும். சலவை தெரிஞ்ச ஆளாய்ச் சொல்லுறன். பி-யின்ரை இடத்திலை வந்து நிண்ட ஆள் வேறை எங்கையோ இருந்துதானே வந்தவ? அவவின்ரை இடத்திலை ஆர் நிண்டது?”

முதியோர் இல்லத்துப் பெண் தாளை முன்னால் இருந்து புரட்டத் தொடங்கினா. ரீச்சர் பலகையில் ‘எங்கே?’ என்று ஒரே ஒரு சொல் எழுதினா.

“இந்தக் கேஸை நான் ஐஞ்சு வருசமாய்க் குடுக்கிறன். ஒருத்தரும் இதைக் கேட்கேல்லை. நானும் கேட்கேல்லை” என்றா. பிறகு சாதாரணமாக, “மத்தியானத்துக்குப் பிறகு இதை எழுதினவர் வருவார். அவரிட்டையே கேளுங்கோ” என்றா.

அன்று மத்தியானம் நான் கொண்டுபோன புட்டு அப்படியே பெட்டியில் திரும்பி வந்தது.

அவர் வந்தார். இப்போது சோலோதுர்ன் நகரத்துப் பக்கம் வேறு ஒரு நிறுவனத்தில் மேலாளர். தலை நரைத்துவிட்டது. வகுப்பு முழுவதையும் பார்த்து வணக்கம் சொன்னவர் என்னையும் பார்த்தார். கண் என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்தது. பிறகு பேசத் தொடங்கினார்.

“நான் கடைசியிலை பி-யை அழுக்குத்துணி பிரிக்கிற பக்கத்துக்கு மாத்தினன். பிரச்சினை தீர்ந்தது எண்டு நினைச்சன். ரெண்டு கிழமையிலை அதே வரிசையிலை இருந்த இன்னொரு பெண்ணும் வேலையை விட்டிட்டுப் போயிட்டா. வரிசை இன்னும் மோசமாய்ப் போச்சு. ஏனெண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது. அதாலைதான் இதை எழுதினன்.”

ஆணவத்தோடு வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ தெரியாது என்று ஒத்துக்கொண்டு நின்றார். என் கோபம் பிடிமானம் இல்லாமல் விழுந்துபோனது. கையைத் தூக்கினேன்.

“நான்தான் பி” என்றேன்.

பஸ் டிப்போக்காரரின் பேனை நிலத்தில் விழுந்து உருண்டது.

நடந்ததைச் சொன்னேன். மெஷினின் வெக்கைப் பக்கத்தில் நின்றவள் லூலே, கொசோவோக்காரி. அப்போது அவளுக்கு மூன்று மாதம். வேலை தற்காலிக ஒப்பந்தம். கர்ப்பம் என்று தெரிந்தால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது என்று பயந்தாள். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். இடம் மாறி நிற்கிற முறை இருந்தவரைக்கும் சமாளித்தாள். அது நின்றதும் ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து மணிக்கு ஒருமுறை அவளை என் குளிர்ந்த பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, நான் அவளுடைய வெக்கைப் பக்கத்தில் நின்றேன். என்னை அழுக்குப் பக்கத்துக்கு மாற்றியதும் அவளால் தாங்க முடியவில்லை. விட்டுவிட்டுப் போனாள். மகள் சுகமாகப் பிறந்தாள். நான் இதைச் சொன்ன நேரம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இந்தக் கதையை லூலேயே எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பாள். அதனால் சத்தியத்தை மீறிய பாவம் எனக்கில்லை.

அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் மூண்டு தரம் கேட்டனான்.”

“ஓம், கேட்டனீங்கள். ‘ஏன் போறீங்கள்’ எண்டு கேட்டனீங்கள். ஏனெண்டு சொன்னால் லூலேயைச் சொல்லவேணும். ‘எங்கை போறீங்கள்’ எண்டு கேட்டிருந்தால், ‘அந்தப் பக்கம்’ எண்டு கையைக் காட்டியிருப்பன். நீங்கள் வந்து பாத்திருப்பீங்கள்.”

சொல்லிவிட்டு எனக்கே பொறுக்கவில்லை. அவர் மட்டும் குற்றவாளியாக அங்கே இருப்பது நியாயமில்லை.

“நானும் பிழை விட்டனான். லூலேயின்ரை கதையைச் சொல்லாமலே, ‘மணிக்கு ஒருக்கால் மாறி நிக்கிற முறையைத் திருப்பித் தாங்கோ, வெக்கையிலை நாள் முழுக்க ஒருத்தராலும் நிக்கேலாது’ எண்டு கேட்டிருக்கலாம். அது உண்மையும்தானே. அதை விட்டிட்டுச் சிரிச்சுக்கொண்டு நிண்டன்.”

அவர் மெல்லச் சொன்னார்: “நீங்கள் அந்தக் கோப்பியைக் குடிக்கேல்லை. அது எனக்குக் கனகாலமாய் மனதுக்குள்ளை கிடந்தது.”

நான் எதற்குப் பயந்தேன் என்று சொன்னேன். முதலில் ரீச்சர்தான் சிரித்தா. பிறகு அவர். அடுத்ததாக வகுப்பு முழுவதும். எனக்குக் கண்ணீர் வரும்வரை சிரிப்பு.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது சின்ன விசயம். வேலைத்தலத்தில் ‘ஏன்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஆட்கள் தங்களைக் காப்பாற்றத் தொடங்குவார்கள். ‘எங்கே’, ‘எப்போது’, ‘யாரோடு’ என்று கேட்டால் நடந்ததைச் சொல்லத் தொடங்குவார்கள். அவசரத்தில், வாயில் முதல் வருவது ‘ஏன்’ தான். அதை விழுங்கப் பழகுங்கள்.

இவ்வளவும் படித்த பிறகு நான் நல்ல தலைவியாகிவிட்டேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். அடுத்த வருடமே, வகுப்பு முடிவதற்கு முன்பே, பெரிய பிழை ஒன்று விட்டேன்.

என் வரிசையில் ஆறு பேர். அதில் ஐந்து பேர் எங்கள் ஆட்கள். நான்தான் ஒவ்வொருவராகச் சொல்லிச் சேர்த்தேன். வேலை பறந்தது. நாள் முழுக்கத் தமிழில் கதையும் சிரிப்பும்தான். என் வரிசையைப் போல ஒற்றுமையான வரிசை இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். ஆறாவது ஆள் கிளாரா, போர்த்துகல்காரி. கை வேகமான மனுசி, வாய் திறக்கமாட்டா. அமைதியான சுபாவம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் காலை ஒன்பது மணித் தேநீர் இடைவேளையில் வேலையை விடுகிற கடிதத்தைக் கொண்டு வந்து நீட்டினா.

‘ஏன்’ என்று கேட்க வாய் உன்னியது. விழுங்கினேன்.

“எங்கை போறீங்கள், கிளாரா?”

“இன்னும் ஒரு இடமும் கிடைக்கேல்லை.”

இருக்கிற வேலையை விட்டுவிட்டு, போக இடமில்லாமலே ஒருவர் போகிறார் என்றால், போகிற இடத்தில் அல்ல, நிற்கிற இடத்தில்தான் பிழை.

“ஆரோடை நீங்கள் வேலையிலை கதைக்கிறனீங்கள்?” என்று கேட்டேன்.

அவ சொன்னா: “ஒரு வருசமாய் உங்கடை சிரிப்புக்கு நடுவிலை நிக்கிறன், ஃப்ராவ் நாடா. என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறீங்களோ எண்டுகூட எனக்குத் தெரியாது.”

நான் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் நினைக்காமலே ஒரு மனுசியை ஒரு வருடம் தனியாக நிறுத்தி வைத்திருந்தேன். கடிதத்தை இரண்டு கிழமைக்குத் தன்னிடமே வைத்திருக்கும்படி கேட்டேன். அவ தலையாட்டினா.

அன்றே எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டேன். இனி மெஷினடியில் ஜெர்மன் மட்டும்தான் என்றேன். அவர்களில் மூத்த புனிதமக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்கு வராத பாசையிலை நான் எப்பிடிப் பகிடி விடுறது?” என்று கேட்டா.

“பிழையாய் விடுங்கோ” என்றேன்.

பிழையாகத்தான் விட்டார்கள். ஆண்பாலும் பெண்பாலும் தலைகீழாகி, மருமகன் மருமகளாகி, கோழிக்கறி சமைத்த கதை கோழி சமைத்த கதையாகி, அந்த வரிசையில் அதற்கு முன் கேட்காத சிரிப்பு. கிளாராவின் ஜெர்மனும் எங்களுடையதைப் போலவே ஓட்டை. இரண்டாம் கிழமை முடிவில் அந்தக் கடிதம் எங்கே என்று கேட்டேன். அதன் பின்பக்கத்தில் புனிதமக்கா சொன்ன கோழிக்கறியின் செய்முறையை எழுதி வைத்திருந்தா. பிறகு பல வருடம் என்னோடு வேலை செய்தா.

வகுப்பு முடிகிறபோது நானும் ஒரு கேஸ் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. இதைத்தான் எழுதினேன், என்னைக் குழுத் தலைவி ‘ஏ’ என்று பேர் வைத்து. ரீச்சர் வாசித்துவிட்டு, கடைசிப் பக்கத்தை எடுத்து என்னிடமே திருப்பித் தந்தா. முடிவை எழுதக் கூடாதாம். கிளாரா கடிதம் நீட்டுகிற இடத்தோடு கேஸ் நின்றுவிட்டது.

அது இப்போதும் அந்த வகுப்பில் ஓடுகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஓய்வெடுக்கிறதுக்குக் கொஞ்சம் முன்பு, உங்களில் ஒருவர், பேர் சொல்ல மாட்டேன், திங்கட்கிழமை காலை என் மேசைக்குக் கொதித்துக்கொண்டு வந்தார்.

“அக்கா, சனிக்கிழமை ஒரு கேஸ் தந்தவை. குழுத் தலைவி ஏ எண்டு ஒருத்தி. தன்ரை ஆக்களை மட்டும் சேர்த்து வைச்சுக்கொண்டு, ஒரு பாவப்பட்ட மனுசியை... என்ன சனமப்பா! நாங்கள் எல்லாருமாய்ச் சேர்ந்து அவளைப் பதவியாலை இறக்கிப்போட்டம்.”

“நல்லது” என்றேன். “இறக்கிறதுக்கு முதல் அவளிட்டை என்ன கேட்டனீங்கள்?”

அவர் எனக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பையைத் திறந்து, அந்தத் தாளை வெளியே எடுத்து முதல் வரியில் இருந்து வாசிக்கத் தொடங்கினார். மெஷின்கள் ஓடத் தொடங்க இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.